நான் கண்டுபிடித்த பழைய வால்நட்சத்திரம்

நான் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவள். நான் கண்டுபிடித்தபோது அதை வேறொருவர் ஏற்கனவே கண்டுபிடித்திருந்தார். இவ்வளவுதான் விஷயம். இன்றைக்கு இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு இதைத் தெரிந்துகொள்வதற்கு எனக்குப் பதினோரு நாளும், பத்தடிக்கு எட்டடியில் ஒரு பிளக்ஸும், அம்மாவின் பட்டுப்புடவையும், ஒரு பள்ளிக்கூடம் நிறைய ஆட்களும் தேவைப்பட்டார்கள்.

என் பெயர் பஞ்சவர்ணம். அப்பாவைப் பெற்ற அப்பத்தாவின் பெயர். எனக்கு வைத்தபோதே அது பழைய பெயர். வீட்டில் பஞ்சு. ஊர் கல்லல். காரைக்குடியில் இயற்பியல் பட்டம் வாங்கினேன். இயற்பியல் படித்த பெண்ணுக்குக் காரைக்குடியில் என்ன வேலை கிடைக்குமோ அது உடனே கிடைத்தது: பிளக்ஸ் அடிக்கும் கடையில் டிசைனர்.

காதுகுத்து, பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி. மனித வாழ்க்கையின் எல்லாக் கட்டமும் என் கணினி வழியாகத்தான் போகும். என் முக்கியமான வேலை புள்ளி எடுப்பது. வருகிற புகைப்படங்களில் பருவை எடுக்க வேண்டும், அம்மைத் தழும்பை எடுக்க வேண்டும், லென்ஸில் இருந்த தூசியை எடுக்க வேண்டும். (ஒரு அஞ்சலி பிளக்ஸில் பெரியவரின் மூக்கோரத்து மச்சத்தையும் சேர்த்து எடுத்துவிட்டேன். "நல்லா இருக்கும்மா, ஆனா இது எங்கப்பா இல்லையே" என்று மகன் கடைவாசலில் நின்று அழுதார்.) ஆக, ஒரு படத்தில் இருக்கக்கூடாத புள்ளி எங்கே இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. இந்தத் திறமையோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

விண்வெளியில் ஒரு விண்கலம் இருக்கிறது. சூரியனையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. நாம் உள்ளங்கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்ப்பதுபோல, அது ஒரு வட்டத் தகட்டால் சூரியனை மறைத்துக்கொண்டு சுற்றுப்புறத்தைப் படம் எடுக்கும். சில நிமிடங்களுக்கு ஒரு படம். எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிடுவார்கள். சூரியனை நெருங்கும் குட்டி வால்நட்சத்திரங்கள் அதில் வெறும் புள்ளியாகத் தெரியும். யார் கண்ணில் பட்டாலும் எழுதிப்போடலாம். தொலைநோக்கி வேண்டாம், மொட்டைமாடி வேண்டாம், கண் விழிக்க வேண்டாம். (என்னை வானியல் பக்கம் இழுத்தது இந்தக் கடைசி வசதிதான்.)

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைக்கு ஈ, காக்கா வராது. அந்த நேரத்தில் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்ப்பேன். ஒரு வியாழக்கிழமை மூன்று மணிக்கு அந்தப் புள்ளியைப் பார்த்தேன். முதலில் துணி எடுத்துத் திரையைத் துடைத்தேன். போகவில்லை. அடுத்த படத்தில் நான்கு பிக்சல் தள்ளி இருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் நான்கு. ஆறு படங்களில் ஆறு இடம், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரே கோடு.

இடங்களை அளந்து, நேரம் குறித்து, அந்த இணையதளத்தின் படிவத்தில் எழுதிப்போட்டேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "கிடைத்தது. சரிபார்க்கிறோம். நன்றி." இது எந்திரம் தானாக அனுப்புகிற பதில். ஆனால் நான் அதில் கடைசிச் சொல்லை மட்டும் பலமுறை படித்தேன். ஒருவர் சும்மா நன்றி சொல்வாரா?

கடை முதலாளி ராசு அண்ணனிடம் திரையைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"வாலு எங்குட்டு இருக்கு?"

"வால் இல்லண்ணே. ரொம்பச் சின்னது. வெறும் புள்ளியாத்தான் தெரியும்."

"வாலு இல்லாம எப்படித்தா வால்நட்சத்திரம்? சரி விடு, பிளக்சுல நம்ம வச்சிக்கிருவோம்."

பிளக்ஸ் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் அதை வடிவமைத்ததும் நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். என் முகத்தை நானே இரண்டு படி வெளுப்பாக்கினேன். வால் இல்லாத வால்நட்சத்திரத்துக்குச் செக்கச்செவேல் என்று ஒரு வால் வைத்தேன்; அது என் இடது காதில் தொடங்கி பிளக்ஸின் மூலை வரைக்கும் போனது. "விண்ணில் வால்நட்சத்திரம் கண்டுபிடித்த கல்லல் மண்ணின் மகளே!" என்று எழுதியது ராசு அண்ணன். ஆச்சரியக்குறியை மூன்றாக்கியது நான்.

அதற்குள் செய்தி என் தாய்மாமன் கருப்பையாவுக்குப் போய்விட்டது. மாமா செங்கல், மணல் ஏற்றுகிற லாரி வைத்திருப்பவர். எதைச் செய்தாலும் பாரம் அதிகமாக ஏற்றித்தான் செய்வார்.

"ஆத்தா பஞ்சு, அதுக்கு ஒம் பேரத்தான வைப்பாக?"

"வைக்கலாம் மாமா."

வைக்க மாட்டார்கள். அந்த விண்கலத்தின் படத்தில் கண்டுபிடிப்பது எல்லாவற்றுக்கும் விண்கலத்தின் பெயர்தான். அந்த விதியை நான் படித்திருக்கிறேன். ஆனால் 'பஞ்சவர்ணம் வால்நட்சத்திரம்' என்று ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்த பிறகு விதியெல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் கல்லல் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் பிளக்ஸ் எழுந்தது. கீழே வாழ்த்துவோர் என்று உறவுக்காரர்கள் பதினெட்டுத் தலை. மாமாவின் தலை மட்டும் கூலிங்கிளாஸோடு, வால்நட்சத்திரத்தைவிடப் பெரிதாக.

இந்த இடத்தில் இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அப்போது எனக்கு ஒரு மாப்பிள்ளை கிட்டத்தட்ட முடிவாகியிருந்தார். சிவகங்கைப் பக்கம், டிராக்டர் உதிரிபாகக் கடை. குறை ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் நான் அனுப்பிய பதினான்கு வாட்ஸ்அப் செய்திகளுக்கும் அவர் அனுப்பிய பதில் பதினான்கு கட்டைவிரல். "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டதற்கும் கட்டைவிரல். அடுத்த வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாக ஏற்பாடு. எனக்கு இஷ்டமில்லை என்று சொல்லத் தைரியம் இல்லை. சொன்னாலும் காரணம் கேட்பார்கள். கட்டைவிரல் என்றால் யாருக்குப் புரியும்?

புதன்கிழமை மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். பிளக்ஸின் படம் அதற்குள் அவர் கைப்பேசிக்குப் போயிருந்தது. என் அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"தப்பா நினைச்சுக்கிறாதீக. பிள்ளைய நாங்க ஒண்ணும் சொல்லல. ஆனா கல்யாணம் பேசுற நேரத்துல வால்நட்சத்திரம் தட்டுப்பட்டா ஆகாதுன்னு எங்க சோசியர் சொல்லுறாக. அதுவும் பொண்ணே பாத்திருக்குன்னா... கொஞ்ச நாள் தள்ளிப் போடுவமே."

போனை வைத்ததும் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். (சிரிப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை.) அன்று காரைக்குடி போனதும் எனக்கு நானே இரண்டு கோன் ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். விண்வெளியில் எங்கேயோ போய்க்கொண்டிருந்த ஒரு கல்லுக்கு என்மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்து மனது நெகிழ்ந்தது.

அடுத்த திங்கட்கிழமை நான் படித்த பள்ளியில் பாராட்டு விழா. தலைமையாசிரியை தானே வீட்டுக்கு வந்து அழைத்திருந்தார். மாணவிகளுக்கு வால்நட்சத்திரம் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, தன் கல்யாணப் பட்டை எடுத்துக் கொடுத்தாள்.

திங்கள் காலை, புடவையின் கொசுவத்தைச் செருகிக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. மின்னஞ்சல். இந்த முறை எழுதியது எந்திரம் இல்லை, ஒரு மனிதர். ரொம்ப நல்ல மனிதர். நான் அனுப்பிய புள்ளி உண்மையிலேயே வால்நட்சத்திரம்தான் என்றும், ஏறக்குறைய நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிப்போகிற அது ஏற்கனவே பல தடவை பதிவானது என்றும், அந்த வாரம் அந்த இடத்தில் வரும் என்று மணி குறித்து முன்பே கணித்து வைத்திருந்தார்கள் என்றும் எழுதியிருந்தார். அந்தக் கணிப்பு இருந்த பக்கத்தையும் அனுப்பியிருந்தார். கடைசியில், "உங்கள் அளவீடுகள் மிகத் துல்லியம். தொடர்ந்து தேடுங்கள்."

நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தேன். கொசுவம் அவிழ்ந்தது. வாசலில் மாமா லாரியின் ஹார்னை அடித்துக்கொண்டிருந்தார். (விழாவுக்கு லாரியில்தான் போனோம். நான் முன்சீட்டில், உறவுக்காரர்கள் பின்னால்.)

வழியில், இப்போதே சொல்லிவிடலாம் என்று மாமா பக்கம் திரும்பினேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "யூனியன் ஆபீசிலருந்து கூட ரெண்டு பேரு வாராக ஆத்தா" என்றார். உண்மையைச் சொன்னால் வால்நட்சத்திரம் என்னுடையது இல்லை. என்னுடையது இல்லை என்றால் தோஷமும் இல்லை. தோஷம் இல்லை என்றால் கட்டைவிரல் திரும்பி வரும். கணக்கு சுத்தமாக இருந்தது. சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

மேடையில் உட்காரவைத்தார்கள். முன்வரிசையில் அப்பா, வெள்ளைச் சட்டையும் மடித்த துண்டுமாக. அப்பா மிளகாயும் நெல்லும் போடுகிறவர். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அந்தப் பத்தில் ஆறு மாட்டிடம் பேசுவது.

நான் பேசினேன். இன்றைக்கும் சொல்கிறேன், நன்றாகத்தான் பேசினேன். வால்நட்சத்திரத்தின் பாதை வட்டம் இல்லை, இழுத்துவிட்ட நீள்வட்டம் என்றேன். "நம்ம ஊர்ல சிங்கப்பூர் போன மாமாக்கள் இருக்காங்கல்ல, அவங்க மாதிரி. வருஷக்கணக்கா எங்கேயோ குளிர்ல தூரத்துல இருப்பாங்க. ஊருக்கு வரும்போது ஒரே வேகமா வருவாங்க, எல்லாரையும் சுத்திப் பாத்துட்டு நாலே நாள்ல திரும்பிப் போயிருவாங்க." கூட்டம் சிரித்தது. சிரித்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. காலையில் வந்த மின்னஞ்சலில் இருந்ததையெல்லாம் என் சொந்தச் சரக்குபோல எடுத்துவிட்டேன். "நான் பார்த்த இந்த வால்நட்சத்திரம் வியாழன் கோள் இருக்கிற தூரம் வரைக்கும் போயிட்டு, நாலு வருஷத்துக்கு ஒருமுறை சூரியன்கிட்ட வருது!"

கைதட்டல். தலைமையாசிரியை, "யாராவது கேள்வி கேக்கலாம்" என்றார். மாணவிகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார்கள். அப்போது முன்வரிசையில் அப்பா எழுந்தார். எனக்குத் தெரிந்து அப்பா எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்றதில்லை.

"எனக்கு ஒரு சந்தேகம் ஆத்தா."

"கேளுங்கப்பா."

"நாலு வருசத்துக்கு ஒருக்கா வருதுன்னு சொன்ன. சரி. நீ ஒரு தடவதான பாத்திருக்க? ஒரு தடவ பாத்ததுக்கே நாலு வருசம்னு எப்படித் தெரிஞ்சுச்சு? இதுக்கு முந்தி வந்தப்ப யாரு பாத்தாக?"

அவர் மடக்குவதற்காகக் கேட்கவில்லை. மகள் சொன்னதைக் கடைசிவரை கவனமாகக் கேட்டு, புரிந்துகொண்டு, அதில் பெருமைப்பட்டு, மேற்கொண்டு தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அரங்கில் இருந்த இருநூறு பேரில் நான் சொன்னதை உண்மையிலேயே கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். அதுதான் ஆபத்தாகப் போயிற்று.

"அது... கணக்கு போட்டுக் கண்டுபிடிக்கிறதுப்பா" என்றேன்.

"ஓ, கணக்கா? அப்பச் சரி" என்று சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு அவர் உட்காரப் போனார்.

அவர் மறுபடி கேட்டிருந்தால் நான் மறுபடி புளுகியிருப்பேன். நம்பிவிட்டார். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"இல்லப்பா" என்றேன். ஒலிவாங்கி கீச்சென்று கத்தியது. "முன்னாடியே பாத்துட்டாங்க. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே. நான் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல. இன்னைக்குக் காலையிலதான் மெயில் வந்துச்சு."

மூன்றாவது வரிசையிலிருந்து மாமாவின் குரல், அவர் அளவில் ரகசியமாக, "அப்ப பிளக்சு?"

தலைமையாசிரியை அந்த நேரம் எனக்குப் போர்த்துவதற்காகப் பொன்னாடையை முழுதாக விரித்துப் பிடித்துக்கொண்டு என்னிடமிருந்து இரண்டடி தூரத்தில் நின்றிருந்தார். போர்த்தவும் முடியவில்லை, மடிக்கவும் முடியவில்லை. யூனியன் அலுவலகத்திலிருந்து வந்த இருவரும் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார்கள். தலைமையாசிரியை முப்பது வருஷம் வகுப்பு நடத்தியவர், ஒரு கணம்தான் தடுமாறினார். அப்படியே திரும்பி, மேடையை விட்டு இறங்கி, "இன்னைக்கு நல்ல கேள்வி கேட்டவருக்கு" என்று சொல்லி அப்பாவுக்குப் போர்த்திவிட்டார். கைதட்டல் காதைப் பிளந்தது. எனக்குக் கிடைத்ததைவிட அதிகம்.

திரும்பி வரும்போது லாரியில் முன்சீட்டு அப்பாவுக்கு. நான் பின்னால், அத்தைமார்களோடு, மணல்மீது அம்மாவின் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து வந்தேன்.

மாமா பிளக்ஸைக் கழற்ற மறுத்துவிட்டார். "நம்ம பிள்ள பாத்தது பாத்ததுதான?" என்றார். ஆனால் பொய்யும் இருக்கக்கூடாது என்று ஒரு திருத்தம் கேட்டார். மறுநாள் கடையில் உட்கார்ந்து, "மீண்டும்" என்ற ஒரே ஒரு சொல்லை ஸ்டிக்கராக அடித்துக் கொடுத்தேன். அதைக் "கண்டுபிடித்த" என்பதற்கு முன்னால் ஒட்டினார்கள். இடம் போதாமல் அது என் கன்னத்தின்மேல் ஏறி நின்றது.

விழா நடந்த அன்று சாயங்காலமே எதிர்பார்த்த போன் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா குரலில் அவ்வளவு குளிர்ச்சி.

"அது பழசுதானாமே! நல்லவேளை. பொண்ணு கண்டுபிடிக்கலன்னா தோசம் இல்லன்னு சோசியர் சொல்லிட்டாக. அப்ப வார வெள்ளிக்கிழமையே வாரோம்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நேர்மையாக இருந்ததற்கு இதுதான் பலன் என்று தோன்றியது. அப்பா இன்னும் பொன்னாடையைத் தோளில் போட்டிருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கினார்.

"இல்ல தாயி, அவசரம் வேணாம். ஒருக்கா வந்துட்டுத் திரும்பிட்டீக. இனிச் சுத்திக்கிட்டு வார நாலு வருசமாகுமாம். மக சொன்னா. அப்புறமா வாங்க."

போனை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அன்றைய பத்து வார்த்தைக் கணக்கு எப்போதோ தாண்டியிருந்தது. அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. (அப்பா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.) கட்டைவிரல்காரருக்கு மூன்று மாதத்தில் வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. அந்தப் பிளக்ஸும் எங்கள் கடையில்தான் அடித்தது. மாப்பிள்ளையின் நெற்றியில் இருந்த தழும்பை எடுத்துக் கொடுத்தேன்.

நான்கு வருஷம் கழித்து, கணித்தபடியே அந்தப் புள்ளி மறுபடி வந்தது. மத்தியானம் மூன்று மணிக்குப் பார்த்தேன். இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. ராசு அண்ணன் எட்டிப் பார்த்து, "இன்னமும் வாலு முளைக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல் தங்கிவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்து வந்து சொன்னால் அதற்குப் பெயர் வால்நட்சத்திரம். சித்தி மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று அத்தை கிசுகிசுத்தால் அம்மா, "அது வால்நட்சத்திரம், போன மாசமே வந்துருச்சு" என்பாள். பெட்ரோல் விலை ஏறிவிட்டது என்று மாமா கொந்தளித்தால் அவர் பேரனே, "வால்நட்சத்திரம் தாத்தா" என்கிறான். யாரும் சிரிப்பதுகூட இல்லை. சோறு, தண்ணீர் மாதிரி அதுவும் ஒரு சொல்லாகிவிட்டது.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று மாதமாகச் சேர்த்துவைத்த தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா கட்டிலில் படுத்திருந்தார்.

"அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அசோக்னு ஒருத்தர். கடை மெஷின் ரிப்பேர் பண்ண வருவாரு. நானும் அவரும்..."

அம்மா கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வால்நட்சத்திரம்" என்றாள்.

"எப்பத் தெரியும்? யாரு சொன்னா?"

கட்டிலிலிருந்து அப்பா திரும்பிப் படுக்காமலே பதில் சொன்னார்.

"ஒங்க ராசு அண்ணந்தான் ஆத்தா. மெசினு நல்லாத்தான் ஓடுது, ரிப்பேருக்காரத் தம்பிதான் வாரத்துக்கு மூணு தடவ வருதுன்னு போன பொங்கலுக்கே சொல்லிட்டாக."